இன்சுலேஷனைப் பிரிக்காமல் அடியில் இருக்கும் துருவைக் கண்டுபிடிக்க எது சரியான வழி?

ஐசோமெட்ரிக் | திங்கள், இரவு 10.12

எல்லோருக்கும் வணக்கம். கடலோரத்தில் இருக்கும் ஒரு ரசாயன ஆலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். பைப் ரேக்கில் (குழாய்களைத் தாங்கும் உயரமான சட்டகம்) போகும் மூன்று லைன்களைப் பற்றித்தான் கேள்வி.

ஒன்று 6 அங்குலம், ஷெட்யூல் 40 (சுவர்த் தடிமன் வகை, இதற்கு 7.1 மி.மீ.), கார்பன் ஸ்டீல், 95 டிகிரி. இரண்டாவது 12 அங்குலம், சுவர் 9.5 மி.மீ., அதுவும் கார்பன் ஸ்டீல்தான். ஆனால் வாரத்தில் இரண்டு நாள் ஓடும், மற்ற நாளெல்லாம் சும்மா கிடக்கும். மூன்றாவது 3 அங்குலம், 304 ஸ்டெயின்லெஸ், 70 டிகிரி. மூன்றுக்கும் 50 மி.மீ. ராக்வூல் மெத்தை, மேலே அலுமினியத் தகடு. போட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. மொத்தம் 400 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம்.

போன மாதம் 6 அங்குல லைனில் ஒரு வென்ட் (காற்று வெளியேற்றும் சின்னக் குழாய்) பக்கத்தில் தகட்டு இணைப்பிலிருந்து பழுப்புக் கறை இறங்கியிருந்தது. பிரித்துப் பார்த்தேன். துரு பரோட்டா மாதிரி அடுக்கடுக்காக, ஒரு விரல் தடிமனுக்குப் பெயர்ந்து வந்தது. சுத்தம் செய்து அளந்தால், 7.1 இருக்க வேண்டிய இடத்தில் 4.3 மி.மீ.

ஷட்டவுனுக்கு (பராமரிப்புக்காக ஆலையை நிறுத்துவது) ஐந்து வாரம் இருக்கிறது. "முழுசா பிரிக்கிறதுன்னா சாரத்துக்கே காசு பத்தாது. பிரிக்காம பார்க்கிற மெஷின் இருக்காமே, அதுல நல்லதா ஒண்ணைச் சொல்லு" என்கிறார் மேலாளர். எதைச் சொல்வது?

தீவுக்காரன் | திங்கள், இரவு 11.05

தம்பி, அந்தக் கறையைப் பார்த்ததும் பிரித்துப் பார்த்தீர்களே, அதற்கே பாராட்டு. துணியால் துடைத்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

விரல் தடிமன் துரு என்றதும் குழாயே போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். இரும்பு துருவானால் ஏழெட்டு மடங்கு வரை பருக்கும். உங்களுக்குப் போனது 2.8 மி.மீ., வந்த துரு 20 மி.மீ., கணக்கு சரியாகவே இருக்கிறது. இந்தப் பருமன் நமக்கு உதவவும் செய்யும். தகடு புடைத்திருக்கும் இடம், பேண்ட் இறுகித் தெறித்த இடம் எல்லாம் அதன் வேலையாக இருக்கலாம்.

சிங்கப்பூர் ஜுரோங் தீவில் பதினெட்டு வருடமாக இதே பிழைப்பு. ஏ.பி.ஐ. 583-ஐ (இந்தத் துருவைப் பற்றி அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட் போட்ட வழிகாட்டி) எடுத்துப் பாருங்கள். கார்பன் ஸ்டீலுக்கு மைனஸ் 12 முதல் 175 டிகிரி வரை, ஆஸ்டெனிடிக் ஸ்டெயின்லெஸுக்கு (உங்கள் 304 அந்த வகைதான்) 60 முதல் 175 டிகிரி வரை ஆபத்து என்று போட்டிருக்கும். உங்கள் மூன்று லைனும் அதற்குள்தான். 95 டிகிரியில் இட்லிப் பானைக்குள் ஆவி சுற்றுவது மாதிரி ஈரம் மெத்தைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

ஆனால் நான் பயப்படுவது அந்த 12 அங்குலத்துக்கு. ஓடாத நாளில் மழைத் தண்ணீர் ஊறும். ஓடும் நாளில் அது காய்ந்து உப்பு மட்டும் தங்கும். மறுபடி ஊறும். அதிகம் ஓடாத லைன் அதிக நாள் உழைக்கும் என்று ஆபரேஷன்ஸ்காரர்கள் சொன்னால் நம்பாதீர்கள்.

ஸ்டெயின்லெஸைத் தனியாக வையுங்கள். அங்கே சுவர் மெலியாது, குளோரைடால் வெடிப்புதான் விடும். தடிமன் பார்க்கும் எந்த மெஷினும் அதற்கு ஆகாது. பிரித்து, சுத்தம் செய்து, டை பெனட்ரன்ட் (வெடிப்புக்குள் ஊறிக் கோடாகக் காட்டும் சாயம்) போட்டால்தான் தெரியும்.

துடிப்பு | செவ்வாய், காலை 8.30

நான் என்.டி.டி. (பொருளைச் சேதப்படுத்தாமல் சோதிப்பது) சர்வீஸ் பக்கம். அதனால் என் பேச்சை ஒரு சிட்டிகை உப்போடு எடுத்துக்கொள்ளுங்கள் (கடலோர ஆலைக்கு இன்னும் உப்பு தேவையா என்று கேட்காதீர்கள்).

பிரிக்காமல் பார்ப்பதற்கு நான் சொல்வது பி.இ.சி., அதாவது துடிப்பு எடி கரன்ட். தகட்டின் மேல் புரோபை வைத்து, சுருளில் மின்சாரத்தைச் செலுத்தித் திடீரென நிறுத்துவோம். குழாய்ச் சுவரில் எழும் சுழல் மின்னோட்டம் வெளிப்புறத்திலிருந்து உள்புறம் வரை பரவி அடங்கும். சுவர் தடித்தால் மெல்ல அடங்கும், மெலிந்தால் சீக்கிரம் அடங்கும். அந்த நேரத்தை வைத்துத்தான் தடிமன் கணக்கு. நெதர்லாந்தின் ஆர்.டி.டி. நிறுவனம் இன்கோடெஸ்ட் என்ற பெயரில் இதைப் பரவலாக்கியது. இப்போது வரும் கருவிகள் இன்னும் வேகமானவை.

உங்களுக்கு அலுமினியத் தகடு என்பதால் தொந்தரவு இல்லை. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகடாக இருந்தால் அதுவே சிக்னலைத் தின்றுவிடும். லைன் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுக்கலாம், ஷட்டவுனுக்குக் காத்திருக்க வேண்டாம்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். புரோபின் பார்வை ஒரு புள்ளி அல்ல, ஒரு கையகலப் பரப்பு. அந்தப் பரப்பின் சராசரியைத்தான் அது சொல்லும். பரவலாகத் தேய்ந்த இடத்தைப் பிடிக்கும். ஆழமான சின்னக் குழி இருந்தால் சராசரியில் கரைந்துபோகும்.

உப்புக்காற்று | செவ்வாய், பிற்பகல் 1.15

துடிப்பு சொல்லாமல் விட்ட இன்னொரு குறை இருக்கிறது. ஃபிளாஞ்ச் (குழாய்களை போல்ட்டால் இணைக்கும் வளையம்), வால்வு, சப்போர்ட், நிப்பிள் (பெரிய குழாயிலிருந்து பிரியும் சின்னக் குழாய்த் துண்டு) பக்கத்தில் போனால் பி.இ.சி. தடுமாறும். அங்கே கூடுதல் இரும்பு இருப்பதால் கணக்கு கெட்டுவிடும். ஐசோமெட்ரிக், உங்களுக்கு 4.3 எங்கே கிடைத்தது? வென்ட் பக்கத்தில். தண்ணீர் இறங்கும் இடமே அதுதானே!

"அப்படியானால் கைடட் வேவ் போடலாமே" என்று யாராவது வருவார்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். குழாய்ச் சுவர் வழியாகவே ஒலி அலையை ஓட விட்டுப் பார்ப்பது அது. 1990களில் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் அதை உருவாக்கியபோது கண் முன்னால் இருந்த பிரச்சினை இதேதான், இன்சுலேஷனுக்கு அடியில் இருக்கும் அரிப்பு. ஒரு இடத்தில் ஒரு மீட்டர் மட்டும் பிரித்து, குழாயைச் சுற்றி வளையம் மாட்டினால், இரண்டு பக்கமும் பல பத்து மீட்டருக்கு அலை ஓடிப் பார்த்துவிட்டு வரும். நேரான லைனுக்கு அருமையான சாமான். ஆனால் ஃபிளாஞ்ச் வந்தால் அதோடு நின்றுவிடும். ஒரு பெண்டை (குழாய் வளைவு) தாண்டினால் சிக்னல் குழம்பும், இரண்டைத் தாண்டினால் ஜோசியம்தான்.

அப்புறம் அது பார்ப்பது தடிமனை அல்ல, குறுக்குவெட்டுப் பரப்பில் எத்தனை சதவீதம் போயிருக்கிறது என்பதை. சாதாரணமாக 5 சதவீதம் போனால் நம்பிச் சொல்லலாம். 6 அங்குலம் ஷெட்யூல் 40-க்குக் குறுக்குவெட்டு சுமார் 3600 சதுர மி.மீ. அதில் 5 சதவீதம் 180. பத்து மி.மீ. அகலம், ஆறு மி.மீ. ஆழத்துக்கு ஒரு குழி இருக்கிறது என்று வையுங்கள். குறுக்குவெட்டில் அது 60 சதுர மி.மீ. சுவரில் மீதி ஒரு மி.மீ.தான், மெஷின் கண்ணுக்கோ 1.7 சதவீதம். நேரே தாண்டிப் போய்விடும்.

இரிடியம்74 | செவ்வாய், இரவு 9.40

எக்ஸ்ரேக்காரனை யாருமே கூப்பிடவில்லையே.

உப்புக்காற்று அக்கா சொன்ன நிப்பிளுக்கும் சப்போர்ட்டுக்கும் புரொஃபைல் ரேடியோகிராபி இருக்கிறது. ஒரு பக்கம் சோர்ஸ் (இரிடியம் மாதிரி கதிர் வீசும் பொருள்), எதிர்ப்பக்கம் பிலிம். குழாயின் ஓரச் சுவர் பிலிமில் அப்படியே ஒரு பட்டையாக விழும், தகட்டைத் தொடவே வேண்டாம். துரு ஏடு கூட மங்கலாக ஒரு நிழல் மாதிரி வெளியே தெரியும்.

ஆனால் கதிர் ஓரச் சுவரை உரசிக்கொண்டு போவதால் கடக்க வேண்டிய இரும்பு நிறைய. 6 அங்குலம் ஷெட்யூல் 40-க்கு அந்தப் பாதை சுமார் 68 மி.மீ. இரிடியத்தில் எடுக்கலாம். உங்கள் 12 அங்குலத்துக்கு அதே கணக்கு போட்டால் 110 மி.மீ. வருகிறது. அதற்கு இரிடியம் சரிப்படாது, கோபால்ட் கேட்கும். அதைத் தூக்கிக்கொண்டு ரேக்கில் ஏறுவதை நினைத்தாலே இடுப்பு வலிக்கிறது. ஆனால் 12 அங்குலத்தில் நிற்கும் சின்ன நிப்பிள்களைத் தாராளமாக எடுக்கலாம்.

இன்னொன்று. பிலிமில் விழும் சுவர் உண்மையானதைவிடப் பெரிதாகத்தான் விழும். அதனால் குழாயின் ஓரத்தோடு ஒரே தளத்தில் 25 மி.மீ. எஃகு உருண்டை ஒன்றை ஒட்டுவோம். ஒரு இடத்தில் புதிதாக வந்த பையன் உருண்டையைக் கவனிக்காமல் பிலிமில் ஸ்கேலை வைத்து 5.9 என்று எழுதிக் கொடுத்துவிட்டான். உருண்டை 31 மி.மீ.யாக விழுந்திருந்தது. திருத்தினால் உண்மையான தடிமன் 4.8. அந்த ரிப்போர்ட் கையெழுத்தாகி இரண்டு மேசை தாண்டிப் போயிருந்தது.

ராத்திரிதான் வேலை செய்ய முடியும், அந்தப் பகுதியில் மற்ற ஆட்கள் யாரும் இருக்கக் கூடாது. ஏ.இ.ஆர்.பி. (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) விதிப்படி கயிறு கட்ட வேண்டும், சர்வே மீட்டர், டி.எல்.டி. பேட்ஜ் (உடலில் பட்ட கதிரை அளப்பது) எல்லாம் வேண்டும். ஷட்டவுன் நேரத்தில் இருபது கான்ட்ராக்ட்காரர்கள் ராப்பகலாகச் சுற்றுவார்கள், உங்களுக்கு ரேக் காலியாகக் கிடைக்காது. இப்போதே, ஷட்டவுனுக்கு முன்னாலேயே, எடுத்துவிடுங்கள். சோர்ஸ் எவ்வளவு பழையது என்றும் கேளுங்கள். இரிடியம் 74 நாளில் பாதியாகிவிடும், அதே ஷாட்டுக்கு இரண்டு மடங்கு நேரம் ஆகும். என் பெயருக்கு அர்த்தம் இப்போது புரிந்திருக்கும்.

புதுமுகம்_சிவில் | புதன், காலை 7.50

வேறு துறைக்காரன் கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். ஈரம்தான் காரணம் என்றால் தெர்மல் கேமரா ஒன்றைக் காட்டி ஈரமான இடத்தைப் பிடித்துவிட முடியாதா?

தீவுக்காரன் | புதன், காலை 9.20

நல்ல கேள்விதான். ஈரமான மெத்தை சூட்டை வெளியே விடும், அதனால் கேமராவில் தெரிய வேண்டும். ஆனால் பளபளக்கும் அலுமினியம் தன் சூட்டைக் காட்டுவதைவிட எதிரில் இருப்பதைப் பிரதிபலிப்பது அதிகம். முதல் தடவை நான் பார்த்தபோது லைனில் ஒரு சூடான இடம் தெரிந்தது. நான் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது. என் தொப்பைதான். தகட்டில் வண்ணம் அடித்திருந்தாலோ, அழுக்கேறி மங்கியிருந்தாலோ, அந்தி நேரத்தில் ஓரளவு உதவும்.

ஈரத்தைத் தேட நியூட்ரான் முறையும் உண்டு. ஹைட்ரஜன் இருக்கும் இடத்தில் நியூட்ரான் வேகம் குறைந்து திரும்பி வரும், அதை எண்ணுவது. தண்ணீரைப் பிடிக்கும். குழாய்க்குள் ஹைட்ரோகார்பன் ஓடினால் அதிலும் ஹைட்ரஜன்தானே, அதைக் கழித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். தவிர, இன்றைக்கு ஈரமாக இருக்கும் இடம் வேறு, பத்து வருடம் ஊறிக் காய்ந்துபோன இடம் வேறு.

ஐசோமெட்ரிக் | புதன், இரவு 10.30

அப்படியானால் எல்லா மெஷினும் நேர் குழாயில் நன்றாகப் பார்க்கிறது, துருப்பிடிக்கும் இடத்தில் கண்ணை மூடிக்கொள்கிறது. இதை மேலாளரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

தகரத்தச்சன் | வியாழன், காலை 5.45

நான் இன்ஜினியர் இல்லை. லேகிங் (இன்சுலேஷன் சுற்றித் தகடு போடும் வேலை) ஃபோர்மேன். ரஸ் தனூரா, ஜுபைல், ருவைஸ் என்று இருபத்திரண்டு வருடம் தகடு வெட்டியவன். நீங்கள் எல்லோரும் துருவைத் தேடுகிறீர்கள். நான் தண்ணீர் வந்த வழியைச் சொல்கிறேன்.

ரேக்கை ஒரு தடவை நடந்து பாருங்கள், மழை நின்று அரை மணி நேரத்தில். எந்த இடம் இன்னும் சொட்டுகிறது என்று சுண்ணாம்புக் கட்டியால் குறியுங்கள். வெயில் நாளில் பார்த்தால் எல்லாத் தகடும் யோக்கியன்தான்.

நிற்கும் குழாய் படுக்கைக்குத் திரும்பும் எல்போவின் அடிப்பக்கம் பாருங்கள், மேலே நுழைந்த தண்ணீர் அங்கேதான் வந்து உட்காரும். நிப்பிள், கேஜ், வென்ட் வெளியே வரும் இடத்தில் தகட்டை ஓட்டை போட்டு மாஸ்டிக் (இடைவெளியை அடைக்கும் பசை) பூசியிருப்போம். வெயிலில் அது மூன்று நாலு வருடத்தில் வெடித்து உரிந்துவிடும், யாரும் மறுபடி பூசுவதில்லை. ஹேங்கர் ராடு மேலிருந்து தகட்டைத் துளைத்து உள்ளே போகிறதா? அது தண்ணீருக்குப் போட்ட படிக்கட்டு. தகட்டு இணைப்பு எந்தப் பக்கம் என்று பாருங்கள். மேல் தகடு கீழ்த் தகட்டின் மேல் விழ வேண்டும், ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி. அவசரத்தில் தலைகீழாகப் போட்டுவிட்டுப் போன ஆட்களை எனக்குத் தெரியும். மிதித்து நசுங்கிய இடம், கேட்கவே வேண்டாம்.

அப்புறம் ஒன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். இன்ஸ்பெக்‌ஷன்காரர்கள் தடிமன் பார்க்க வட்டமாக ஜன்னல் வெட்டி ரப்பர் மூடி போடச் சொல்வீர்கள். அளந்துவிட்டு மூடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடுவீர்கள். நான் பிரித்த மோசமான இடங்களில் பாதி அந்த ஜன்னலுக்கு நேர் கீழே.

உப்புக்காற்று | வியாழன், காலை 9.00

அண்ணன் பதிவுக்கு அப்புறம் இந்த இழையை மூடிவிடலாம் போலிருக்கிறது. மழைத் தண்ணீரோடு தீயணைப்பு டெலுஜ் (தண்ணீரைக் கொட்டி நனைக்கும் அமைப்பு) சோதனையையும் கூலிங் டவர் சாரலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாதா மாதம் நாமே குழாயைக் குளிப்பாட்டுகிறோம்.

வால்வுபித்தன் | வியாழன், இரவு 8.10

மெஷின், மழை எல்லாம் சரி. கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2012-இல் கலிபோர்னியா ரிச்மண்ட் சுத்திகரிப்பு ஆலையில் நடந்ததை மேலாளருக்குக் காட்டுங்கள். இன்சுலேஷனுக்கு அடியில் துருப்பிடித்து 8 அங்குல லைன் பிளந்தது.

உப்புக்காற்று | வியாழன், இரவு 9.25

ஆண்டு சரி, காரணம் தப்பு. அது வெளியிலிருந்து வந்த துரு இல்லை. உள்ளே ஓடிய சூடான எண்ணெயின் கந்தகம் சுவரைத் தின்றது. சல்ஃபைடேஷன். பிளந்த அந்த ஒரு துண்டுக் குழாயில் சிலிக்கான் குறைவாக இருந்ததால் மற்ற இடத்தைவிட வேகமாகத் தேய்ந்துவிட்டது. தடிமன் எடுத்த இடங்கள் எல்போக்களில் இருந்தன, அங்கே அளவு நன்றாகவே வந்துகொண்டிருந்தது. பக்கத்துத் துண்டைப் பற்றி அந்த அளவுகள் ஒன்றுமே சொல்லவில்லை.

ஆனால் ஐசோமெட்ரிக்குக்கு அதில் வேறொரு பாடம் இருக்கிறது. கசிவு தெரிந்த பிறகும் லைனை நிறுத்தவில்லை. எங்கே கசிகிறது என்று பார்க்க இன்சுலேஷனைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள், அந்த நேரத்தில்தான் கசிவு பெருகிக் குழாய் பிளந்தது. 19 பேர் ஆவி மேகத்துக்குள் மாட்டிக்கொண்டார்கள். எல்லோரும் உயிர் தப்பியது அதிர்ஷ்டம். ஊர்க்காரர்களில் சுமார் 15,000 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள்.

அதனால் லைன் ஓடும்போது பிரித்தால், துரு ஏட்டைச் சுத்தியலால் தட்டவோ ஸ்கிரேப்பரால் சுரண்டவோ வேண்டாம். சில இடங்களில் அந்தத் துருதான் அடைப்பாக நின்றுகொண்டிருக்கும்.

ஐசோமெட்ரிக் | வியாழன், இரவு 11.50

அக்கா, அந்த 4.3-ஐ லைன் ஓடும்போதுதான் தட்டி எடுத்தேன். இதைப் படித்ததும் கை சில்லிட்டுவிட்டது.

*(ஏழு வாரம் கழித்து)*

ஐசோமெட்ரிக் | ஞாயிறு, மாலை 6.20

ஷட்டவுன் முடிந்தது. கேட்டுவிட்டுக் காணாமல் போகும் ஆளாக இருக்க விரும்பவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மேலாளரிடம் ஒரு மெஷின் பெயருக்குப் பதிலாக ஒரு வரைபடத்தைக் கொடுத்தேன். தச்சன் அண்ணன் சொன்ன மாதிரி மழை விட்டதும் நடந்தோம், இரண்டு தடவை. 37 இடத்தில் குறி விழுந்தது. நேர் குழாய் முழுக்க பி.இ.சி., ஷட்டவுனுக்கு முந்தைய பத்து நாளில். நிப்பிள், சப்போர்ட், எல்போ அடி, ஹேங்கர் ஆகிய இடங்களில் மட்டும் நிறுத்திய பிறகு அரை அரை மீட்டர் பிரித்தோம். சாரச் செலவு முழுதும் பிரிப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

பி.இ.சி. 6 அங்குலத்தில் ஒரே ஒரு இடத்தில் சுவரில் 78 சதவீதம்தான் மிச்சம் என்று காட்டியது. பிரித்தால் இரண்டு கையகலத்துக்குச் சீராகத் தேய்ந்து 5.4 இருந்தது. துடிப்பு, உங்கள் மெஷினுக்கு அந்த மதிப்பெண் உண்டு.

மோசமானது வேறு இடத்தில். 12 அங்குலத்தின் அடியில் முக்கால் அங்குல டிரெயின் நிப்பிள் ஒன்று. ஷெட்யூல் 80, 3.9 மி.மீ. இருக்க வேண்டும். மெத்தையை எடுத்ததும் தண்ணீர் பிழிந்து ஊற்றியது. அளவு 1.6. பக்கத்திலேயே, குழாயின் நேர் பகுதியில், பி.இ.சி. 97 என்று பச்சை காட்டியிருந்த கட்டம். அந்த நிப்பிளை அசைத்துப் பார்க்கக்கூட யாருக்கும் தைரியம் வரவில்லை.

ஸ்டெயின்லெஸில் ஒரு சப்போர்ட் ஷூ பக்கத்தில் பெனட்ரன்ட் போட்டதும் சிவப்புக் கோடுகள் மரக்கிளை மாதிரி பிரிந்து பிரிந்து வந்தன. அங்கே தடிமன் குறையவே இல்லை. இரண்டு மீட்டர் வெட்டி மாற்றினோம்.

இரிடியம்74 | ஞாயிறு, இரவு 8.05

எக்ஸ்ரே ஒன்றுகூட இல்லையா?

ஐசோமெட்ரிக் | ஞாயிறு, இரவு 8.30

இருக்கிறது அண்ணா. நிறுத்த முடியாத பக்கத்து லைனில் நான்கு நிப்பிள், இரவு இரண்டு மணிக்கு. உருண்டையை நானே ஒட்டினேன்.

தகரத்தச்சன் | திங்கள், காலை 5.30

நல்லது தம்பி. பிரித்த இடத்தை மூடும்போது யார் நின்று பார்த்தது? மெத்தை ஈரமாக இருந்தால் அதையே திரும்பச் சுற்றிவிடுவார்கள், காய வைக்கிறேன் என்று சொல்வார்கள், காயாது. புது மெத்தைதான் போட வேண்டும்.

ஐசோமெட்ரிக் | திங்கள், காலை 7.15

புது மெத்தை, அடியில் இரண்டு கோட் எபாக்ஸி. இணைப்பெல்லாம் பக்கவாட்டில் கீழ்நோக்கித்தான். ஆனால் ஆறு ஜன்னல் மூடி இன்னும் வரவில்லை. இப்போதைக்கு டேப் ஒட்டியிருக்கிறோம்.

தகரத்தச்சன் | திங்கள், காலை 7.20

டேப்பா? மூடி வருகிற வரைக்கும் அந்த ஆறு இடத்தின் நம்பரை எழுதி உங்கள் மேசையில் ஒட்டி வையுங்கள். ஐப்பசி வந்துவிட்டது.